கடுவையாற்று முகத்திலிருந்து காங்கேசன்துறைக்கு

நாகப்பட்டினம் துறைமுகம் இருப்பது கடுவையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில். இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ஆற்றுக்குள்ளிருந்துதான் புறப்படுகிறது. ஆறு கொண்டுவரும் வண்டலும் கடல் தள்ளும் மணலும் சேர்ந்து அந்த வாயை அடைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். வாரிக்கொண்டே இருந்தால்தான் கப்பலுக்கு ஆழம் கிடைக்கும். 2023இல் சேவை தொடங்குவதற்கு முன்னால் முகத்துவாரத்தைத் தூர்வாரி ஆழப்படுத்த வேண்டியிருந்தது. கொடியசைத்துக் கப்பலை அனுப்புவதைப் படம் எடுக்கலாம். மண் வாருவதை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் இந்த வழித்தடம் உயிரோடு இருப்பது அந்த மண்வாரி இயந்திரத்தின் தயவில்தான்.

பழைய நாளில் பெரிய கப்பல்கள் நாகையில் கரை அணைந்ததே இல்லை. தள்ளி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பெட்டியும் மூட்டையும் தோணியில் போய்த்தான் ஏறவேண்டும். 1926இல் கட்டிய ‘ரஜுலா’ பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அப்படித்தான் தஞ்சை, திருச்சி மாவட்டத்து மக்களை ஏற்றிப் போனது. அதற்குப் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’. 1985இல் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு நாகையின் பயணிகள் கப்பல் வரலாறு நின்றுபோனது. ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரம் எழுப்பிய ஊர், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த ஊர், 1860களின் தொடக்கத்திலேயே திருச்சிக்கு ரயில் ஓடிய ஊர் இது. அந்த ஊரில் ஏறத்தாழ 40 ஆண்டு, கப்பல் டிக்கெட் என்று கேட்டு ஒருவரும் வரவில்லை.

2023 அக்டோபர் 14ஆம் தேதி ‘செரியபாணி’ கிளம்பியது. கொச்சியில் கட்டியது, லட்சத்தீவு நிர்வாகத்துக்குச் சொந்தமானது, 150 பேர் உட்காரலாம். பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். முதல் பயணத்தில் போனவர்கள் 50 பேர். முதல் நாள் சலுகை போனபிறகு ஒரு வழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டதும் நாகைக் கடைத்தெருவில் பலர் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு நாலு பேர் போய்வர அறுபதாயிரத்தைத் தாண்டும். அக்டோபர் 20ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி சேவையை நிறுத்தினார்கள். ஒரு வாரந்தான் ஓடியது.

மறுபடி கப்பல் வந்தது 2024 ஆகஸ்ட் 16இல். இந்த முறை ‘சிவகங்கை’. நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். அப்போது சாதாரண இருக்கைக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய், வசதியான இருக்கைக்கு 7,500 என்று வைத்திருந்தார்கள். நாகைத் துறைமுகச் செலவுகளை ஓராண்டுக்கு இந்திய அரசே ஏற்றுக்கொண்டது. இலங்கை தன் பங்குக்குக் கப்பல் பயணிகளின் புறப்பாட்டு வரியைக் குறைத்தது. ஆண்டு இறுதியில் மழைக்காலம் வந்ததும் மறுபடி நிறுத்தம். 2025 பிப்ரவரி 22இல் மறுபடி தொடக்கம்.

இந்தத் தேதிகளை இப்படி அடுக்குவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடலில் பயணிகள் கப்பல் விட்டவர்கள் பலரும் இடறியது ஒரே இடத்தில்தான். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியே அவரை மடக்கப் பார்த்தது. பிறகு சிறை, பிறகு கம்பெனியே கலைந்தது. 2011 ஜூனில் அதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் ‘ஸ்கோட்டியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பல் வந்தது. ஆயிரம் பேருக்கு இடமிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது. தொடக்க விழாவில் குறை வைத்தவர் எவருமில்லை. பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் நம்பி வரும்படி, மாசாமாசம், வருஷாவருஷம், கட்டுப்படியாகும் விலையில் ஓட்டுவதுதான் கைகூடவில்லை.

துறைமுகத்துப் பயணியர் முனையத்தில், எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் யாருக்காக இந்தக் கப்பல் என்பது தெரிந்துவிடும். நான் பார்த்தபோது யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்து அம்மா ஒருவர் மூன்று பைகளை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றில் காஞ்சிபுரத்துப் பட்டுப்பெட்டி விளிம்பு தெரிந்தது. இன்னொன்றில் செய்தித்தாள் சுற்றிய குத்துவிளக்கு. தண்டு நீளமாக இருந்ததால் பையின் ஜிப் முழுதும் மூடவில்லை. மூன்றாவதில் வேளாங்கண்ணியில் வாங்கிய மெழுகுவர்த்தியும் எண்ணெய்ப் போத்தலும்.

“தம்பி, இதெல்லாம் ஏத்த விடுவினமோ?” என்று கேட்டார்.

“எடை போட்டுட்டு விடுவாங்கம்மா. கூடுதலா இருந்தா காசு கேப்பாங்க.”

“மகளின்ரை கலியாணத்துக்கு. கொழும்பிலை எடுத்தால் கட்டாது. பிளேனிலை வந்தால் சாமானுக்குக் குடுக்கிற காசிலை இன்னொரு சீலை எடுக்கலாம்.”

விளக்கைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அவருடைய கவலை. தராசில் முள் நிற்கும்வரை அவர் மூச்சே விடவில்லை. இந்தச் சேவையின் எதிர்காலத்தை எடைபோடுகிற தராசும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. சுற்றுலா போகிறவருக்கு விமானம் இருக்கிறது. 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் திறந்தது, அங்கிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. கப்பலுக்கு வருகிறவர் சாமானோடு வருகிறவர்தான். கல்யாணச் சேலை, பாத்திரம், மருந்து, கோயில் சாமான், அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது பனங்கட்டியும் புழுக்கொடியலும். சாமானுக்கு எவ்வளவு எடை இலவசம் என்ற ஒரு வரிதான், நாலு சுவரொட்டியைவிடக் கூடுதலாக ஆளைக் கொண்டுவரும்.

கப்பல் ஆற்றைவிட்டு வெளியே வந்ததும் தெற்கே திரும்புகிறது. நிலப்படத்தில் பார்த்தால் காங்கேசன்துறை நாகைக்கு நேர் தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். இதனால் பாதி வழி வரைக்கும் டெல்டாக் கரை வலப்பக்கத்தில் கூடவே வருகிறது. கொஞ்ச நேரத்தில் வேளாங்கண்ணி. பிறகு வேதாரண்யம். 1930இல் ராஜாஜி தொண்டர்களோடு உப்பு அள்ளிய கரை. இன்றும் உப்பளந்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை நெடுகக் கடல் ஏறியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கப்பலில் இருக்கிறவர்களில் அந்தக் காலையை நினைக்காமல் இந்தக் கரையைப் பார்க்க முடியாதவர்கள் இருப்பார்கள். காங்கேசன்துறைப் பக்கமும் அதே நாளில் அழுத கரைதான்.

கோடியக்கரையில் நிலம் முடிந்து மேற்கே மடங்கிவிடுகிறது. கல்கியின் பூங்குழலி படகு தள்ளிப் போனதாகத் தமிழ்நாட்டு வாசகர்கள் மனதில் பதித்துக்கொண்ட முனை இது. இலங்கைப் போர்க்காலத்தில் வள்ளங்கள் இரவில் வந்து சேர்ந்ததும், மருந்தும் எரிபொருளும் மறைவாகக் கடந்ததும் இந்தக் குறுகலான கடலில்தான். இங்கிருந்து எதிர்க்கரை ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். சாதாரண நாளில் கோடியக்கரைக்காரர் யாழ்ப்பாணத்து வானொலியைத் தெளிவாகக் கேட்கலாம். போய்வர மட்டும் சென்னைக்கும் கொழும்புக்கும் போய்ச் சுற்றவேண்டியிருந்தது.

முனையைத் தாண்டியதும் காற்றின் பிடி மாறுகிறது. அதுவரை கரை கொடுத்த காப்பு போய்விடும். இரண்டு கரை மீனவர்களும் காற்றுக்கு ஒரே பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். சோழகம் அடிக்கும் மாதங்களில் கப்பல் ஆடினாலும் போய்ச் சேரும். வாடை எழும்பினால் 150 பேர் ஏறும் கப்பலுக்கு இந்தக் கடல் ஒத்துவராது. குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து அலையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்கள்கூட இந்த இடத்தில் கைப்பையில் எலுமிச்சம்பழத்தைத் தேடத் தொடங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நிறுத்துவதைக் குறைசொல்ல மாட்டேன், உயிர் முக்கியம். ஆனால் எந்தத் தேதியில் நிறுத்துவார்கள், எந்தத் தேதியில் தொடங்குவார்கள் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். பருவமழை திடீரென்று வருகிற விருந்தாளி இல்லை. தையில் கல்யாணம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு அந்த ஒரு தேதி தெரிந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றும் இங்கே குறுக்கிடுகிறது. 1974 ஒப்பந்தம் கீறிய எல்லைக்கோடு. பயணிகள் கப்பல் அதைக் கடப்பது யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் நாகையின் விசைப்படகுகளுக்கு அந்தக் கோடுதான் தலைவிதி. தாண்டினால் கைது, படகு காங்கேசன்துறைக்கோ பக்கத்து மயிலிட்டிக்கோ இழுத்துச் செல்லப்படும். அந்தப் பக்கத்து மீனவருக்கோ வேறு வலி. போர் நடந்த ஆண்டுகளில் அவர் கடலுக்கே போக முடியவில்லை. போர் முடிந்து வலை போட்டால் நம் விசைப்படகுகளின் இழுவைமடி வந்து வலையோடு மீன்குஞ்சையும் அள்ளிக்கொண்டு போகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. நம் பக்கம் இந்தத் தொழிலிலிருந்து படிப்படியாக வெளியேறத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வெளியேறுகிறவர்களுக்குப் பிழைப்புக்கு வழி காட்டிவிட்டுச் செய்யவேண்டும். இப்போது ஒரு கப்பல் இருக்கிறது. அக்கரைப்பேட்டை மீனவர் பஞ்சாயத்தார் காலையில் ஏறினால் மதியம் மயிலிட்டிச் சங்கத்தாரோடு உட்கார்ந்து பேசலாம். அதிகாரிகள் மேசையில் பேசித் தீராத பல விஷயங்கள், ஒரே வாடையில் நனைந்தவர்கள் நேருக்கு நேர் பேசினால் தீர வழி உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான சுண்ணக்கல் நிலம். மலையோ குன்றோ இல்லாததால் தூரத்திலிருந்து எதுவும் எழுந்து நிற்காது. பனைமரங்கள்தான் முதலில் ஒரு கோடாகத் தெரியும். பிறகு அலைதடுப்பு மதில். பிறகு, 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோன சிமெந்துத் தொழிற்சாலையின் மிச்சம். இலங்கையில் எத்தனையோ வீடுகளைக் கட்டப் பயன்பட்ட அதே சுண்ணக்கல்தான் காலடியில்.

மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் தல வரலாற்றின்படி, சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி தன் குதிரை முகம் நீங்கக் கீரிமலைத் தீர்த்தத்தில் குளித்தாள். அவள் கோயிலுக்காகத் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த முருகன் சிலை இறங்கிய துறையே காங்கேசன்துறை. இங்கிருந்து கிழக்கே கரையோடு போனால் வல்வெட்டித்துறை. அந்த ஊர்க் கம்மியர்கள் கையால் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் 1937இல் அங்கிருந்து கிளம்பி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த கப்பலைக் கட்டிய கரைக்கு, நாகை போய்வர ஒரு கப்பல் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் கழிந்தன.

1990இல் காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, சனம் ஒரே நாளில் கிளம்பவேண்டி வந்தது. துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை எடுத்து, ஆழப்படுத்தும் வேலைக்குப் போருக்குப் பிறகு இந்தியா உதவியது. 2024இல் துறைமுகப் புனரமைப்புக்கு 6.15 கோடி டாலர் மானியம் அறிவித்தது. காணிகள் பகுதிபகுதியாக விடுபட்டன. எல்லாம் இன்னும் விடுபடவில்லை. கடற்கரையில் இராணுவம் நடத்தும் விடுதியில் சுற்றுலாப் பயணி கடல்காற்று வாங்க முடிகிறது. பக்கத்தில் தன் வளவுக்குள் கால் வைக்க முடியாத குடும்பங்களும் உண்டு. கப்பலில் வந்து இறங்குகிற தமிழ்நாட்டுக்காரர் கீரிமலையில் நீராடிவிட்டு நல்லூருக்குப் போய்விட்டால் இது கண்ணில் படாது. கொஞ்சம் மெல்ல நடந்தால், மரம் முளைத்த சுவர்களும் முள்வேலியும் தெரியும். ஓட்டுநர் தம்பியிடம் கேட்டால் எந்தச் சுவர் யாருடைய வீடு என்று சொல்வார். கேட்கவேண்டும்.

துறைமுகத்துக்கு அருகிலேயே காங்கேசன்துறை ரயில் நிலையம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி போரில் நின்று, 2015 ஜனவரியில் மறுபடி இந்த ஊர்வரை வந்தது. தண்டவாளம் முடியும் இடத்துக்கும் கப்பல் நிற்கும் இடத்துக்கும் இடையே நடக்கும் தூரம்தான். நாகையிலும் துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் தூரம் அதிகமில்லை. 1914இலேயே வேறொரு துறையில் இப்படி ரயிலையும் கப்பலையும் இணைத்துக் காட்டிவிட்டார்கள். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து அந்தக் கப்பல் எண்பதுகள் வரை ஓடியது. மக்கள் அதை நம்பினார்கள். ரயில் கப்பலுக்காகவும் கப்பல் ரயிலுக்காகவும் காத்திருக்கும் என்று தெரிந்திருந்தது.

இன்று காங்கேசன்துறையில் மதியம் இறங்குகிறவர், இமிகிரேஷன் முடித்து வெளியே வந்து, அடுத்த ரயில் எப்போது என்று விசாரித்து, பெரும்பாலும் ஆட்டோவோ வானோ பிடித்து யாழ்ப்பாணம் போகிறார். நாகையில் மாலையில் இறங்குகிறவர் சென்னை ரயிலின் நேரத்தைத் தன் கைபேசியில் தேடுகிறார். இரண்டு பக்கமும் தண்டவாளம் இருக்கிறது, நடுவில் கப்பல் இருக்கிறது. மூன்றின் நேரத்தையும் ஒரே தாளில் அச்சடித்து, எழும்பூரிலும் கொழும்புக் கோட்டையிலும் ஒரே டிக்கெட்டாக விற்கப் புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை. இரண்டு ரயில்வேக்களும் கப்பல்காரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், வரும் தை மாதத்துக்குள் செய்து முடிக்கலாம்.