பூஞ்சாணம் செய்த வெள்ளி

ரஸ்தாளி போடுகிறவர்களுக்கு வாடல் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடியிலை மஞ்சளாகி மடிந்து தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடு. பியூசேரியம் என்ற பூஞ்சாணத்தின் வேலை இது. மண்ணில் புகுந்துவிட்டால் பல வருஷம் போகாது.

அந்தப் பியூசேரியத்தின் இனத்தை வைத்து வெள்ளித் துகள் செய்கிறார்கள் என்று வேளாண்மை படிக்கும் என் மகள் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. 2001-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் வெர்டிசிலியம் என்ற பூஞ்சாணத்தில் இதைச் செய்தார்கள். 2003-ல் பியூசேரியத்திலும் செய்தார்கள். பூஞ்சாணத்தை வளர்த்து சில்வர் நைட்ரேட் கரைசலில் விட்டால், அது வெளியிடும் புரதங்கள் கரைந்துள்ள வெள்ளியைத் துகளாக்கும். கரைசல் பழுப்பாகும். பியூசேரியம் தந்த துகள் 5 முதல் 15 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய துகள்கள் ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவையும் பூஞ்சாணத்தையும் வளரவிடாமல் தடுக்கின்றன.

போன மாதம் ஒருவர் எங்கள் பக்கம் பாட்டில் விற்க வந்தார். "பூஞ்சாணத்துல எடுத்த நானோ வெள்ளி, முழுக்க இயற்கை. தூர்ல ஊத்தினா வாடல் வராது" என்றார். "அண்ணே, வாங்கலாமா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். மகளுக்குப் போன் போட்டேன்.

"செஞ்சது பூஞ்சாணம்தாம்ப்பா. ஆனா பாட்டில்ல இருக்கிறது வெள்ளி. அதுக்கு நல்ல நுண்ணுயிர், கெட்ட நுண்ணுயிர்னு தெரியாது" என்றாள்.

நான் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை மட்கிய தொழுவுரத்தில் கலந்து இடுகிறேன். அதுவும் பூஞ்சாணம்தான், ஆனால் உயிருள்ளது. மண்ணில் பெருகிப் பியூசேரியத்தோடு மல்லுக்கட்டும். கூடவே அசோஸ்பைரில்லமும் இடுகிறேன். காசு கொடுத்து இட்ட உயிர்கள் இருக்கும் மண்ணில் வெள்ளியை ஊற்றினால் அவை என்ன ஆகும்?

விற்க வந்தவரிடம் இரண்டே கேள்வி கேட்டோம். லேபிளில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண் எங்கே? வாழைத் தோட்டத்து மண்ணில் எந்த அளவில் சோதித்தார்கள்? இரண்டுக்கும் பதில் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கவில்லை.

ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. நாளைக்கு இதிலிருந்து நல்ல மருந்து வரலாம். ஆனால் தட்டில் நடந்தது தோட்டத்திலும் நடக்கும் என்று சொல்ல, தோட்டத்தில் செய்த சோதனை வேண்டும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கேட்டுவிட்டு ஊற்றலாம்.