குளவிகளோடு ஐந்து ஆண்டுகள்

முனைவர் பட்டத்திற்கும் வகுப்பும் தேர்வும் உண்டு என்பதைப் பலர் அறியார். பெங்களூருவில் 1909ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் நிறுவனத்தில் நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்ததும், முதலில் பாடங்களைப் பயின்று தேர்வு எழுத வேண்டியிருந்தது. புள்ளியியல் என்னை வாட்டியது. பின்னாளில் கைகொடுத்ததும் அதுவே. அடுத்து, பேராசிரியர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் ஆய்வைத் தொடரலாம். அங்கே ‘தெரியாது’ என்றதற்கு எவரும் முகம் சுளிக்கவில்லை. ‘அதை எவ்வாறு கண்டறிவாய்?’ என்றே கேட்டனர்.

நான் ஆராய்ந்தது காகிதக் குளவியை. அது நாரை மென்று உமிழ்நீரில் குழைத்துக் காகிதம் போன்ற கூட்டைக் கட்டும். இவ்வினத்தில் அரசிக்கும் பணிக்குளவிக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆதலால் ஒவ்வொன்றின் மீதும் வண்ணப்புள்ளி இட்டு அடையாளம் காண வேண்டும். அரசியை அகற்றினால், பணிக்குளவிகளுள் ஒன்று சில நிமிடங்களிலேயே சீற்றம் கொண்டு மற்றவற்றைத் தாக்கும். அடுத்த அரசி அதுவே. அது எது என்று முன்னரே கூற இயலுமா? இதுவே என் கேள்வி.

மூன்றாம் ஆண்டில், நான்கு மாதங்களாக நாள்தோறும் குறிப்பெடுத்து வந்த மூன்று கூடுகளும் ஒரே வாரத்தில் அழிந்தன. வயிற்றில் மஞ்சள் பட்டை கொண்ட பெருங்குளவி ஒன்று புழுக்களையெல்லாம் கவர்ந்து சென்றது. என் குளவிகள் எதிர்க்காமல் விலகிப் பறந்தன. உதவித்தொகையோ ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. அன்றிரவு, பிலாய் எஃகு ஆலையில் பணிபுரிந்த அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். ‘வெஸ்பா டிராபிகா’ என்று அதன் அறிவியல் பெயரைக் கூறினேன். உருவத்தையும் நிறத்தையும் விசாரித்த அப்பா, “எங்கள் ஊர்க் கதண்டுக்கு உறவு போலும்” என்றார். தஞ்சைச் சீமையில் பிறந்தவர் அவர். பிலாயில் வீட்டுத் தமிழோடு வளர்ந்த எனக்கு அச்சொல் புதிது. பிறகு அவர் கேட்டார்: “மறுநடவுக்கு நாள் இருக்கிறதாம்மா?”

நாற்று வெள்ளத்தில் அழுகினால் மீண்டும் நடுவதுதான் மறுநடவு. நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். இக்குளவிகள் ஆண்டு முழுவதும் கூடு கட்டுபவை; நாள் இருந்தது.

இம்முறை கூடுகளைக் கம்பிவலைக்குள் வைத்தோம். வலையின் கண்களில் சிறு குளவி நுழையும், பெருங்குளவி நுழையாது. எளிய ஏற்பாடுதான், ஆயினும் அதைக் காணக் காண எனக்கு வியப்பு. பதினான்கு மாதங்கள் மீண்டும் குறிப்பெடுத்தேன். அடுத்த அரசி எது என்பதை என்னால் முன்னரே கூற இயலவில்லை. அதையே கணக்குகளோடு ஆய்வேட்டில் எழுதினேன், தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இறுதி வாய்மொழித் தேர்வுக்கு எவரும் வரலாம். அப்பா பிலாயிலிருந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் பேசினேன். மாலையில் அவரைக் கம்பிவலை அருகே அழைத்துச் சென்று, எல்லாவற்றையும் தமிழில் முதலிலிருந்து விளக்கினேன். கூட்டை உற்று நோக்கியவர், “இவற்றுள் அரசி எது?” என்றார். நீலப்புள்ளி இட்ட குளவியைச் சுட்டிக்காட்டினேன்.