கைக்குழந்தைக்கும் கடப்பிதழ் வேணும்



பள்ளி விடுமுறை வருது. இந்த ஒரு மாசத்துல மட்டும் கோயில் கவுண்டர்ல மூணு குடும்பம் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "அண்ணே, குரூஸ் போறோம். பேபிக்கு சூராட் பெரானாக் இருந்தா போதும்தானே?" ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட இங்க எழுதிட்டா நாலு பேருக்கு உதவும்னு எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போதாது. பிறந்து ஆறு மாசமான பிள்ளையா இருந்தாலும் அதுக்குன்னு தனிக் கடப்பிதழ் (அதான், பாஸ்போர்ட்) வேணும். அம்மா மடியில உட்காந்து வந்தாலும் சரி, தனிக் கட்டில் இல்லாட்டியும் சரி, கப்பலுக்கு அது ஒரு பயணிதான்.

ஏன்னு புரிஞ்சுக்கிட்டா மறக்காது. பிறப்புப் பத்திரம் என்ன சொல்லுது? இந்தப் பிள்ளை இன்ன இடத்துல, இன்னாருக்குப் பிறந்ததுன்னு சொல்லுது. அதுல முகம் கிடையாது. 2003-லேர்ந்து நம்ம நாட்டுல கொடுக்கிற மைகிட் அட்டையிலயும் படம் கிடையாது, கைரேகை கிடையாது. கடப்பிதழ்தான் முகத்தோட, "இவர் எங்க நாட்டுப் பிரஜை, திரும்பி வந்தா நாங்க ஏத்துக்குவோம்"னு இன்னொரு நாட்டுக்குச் சொல்ற பத்திரம். போர்ட் கிள்ளான்ல ஏறுன கப்பல் புக்கெட் போகுது, சிங்கப்பூர் போகுது. அந்த நாட்டு அதிகாரிக்கு நம்ம பிறப்புப் பத்திரத்தை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

நம்ம ஆளுங்க ஏன் குழம்புறாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். மூணு காரணம் தெரியுது.

ஒண்ணு, லங்காவி. மைகிட்டைக் காட்டி பிள்ளையோட லங்காவிக்கு விமானம் ஏறியிருப்போம். சபா, சரவாக் போனாக்கூட தீபகற்பத்துக்காரங்க அடையாள அட்டையோட போய் வரலாம். அது நம்ம நாட்டுக்குள்ள. கப்பல் பயணம் அப்படி இல்ல.

ரெண்டு, பழைய ஞாபகம். அந்தக் காலத்துல அம்மாவோட கடப்பிதழ்லயே பிள்ளை பேரையும் சேர்த்து எழுதுவாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. அதெல்லாம் போயாச்சு. இப்ப ஒரு ஆளுக்கு ஒரு கடப்பிதழ். 1998-லயே சிப் வச்ச கடப்பிதழ் கொடுத்த முதல் நாடு நம்ம நாடு. ஒரு சிப்புல ஒரு ஆள்தான்.

மூணு, யூடியூப். அமெரிக்காக்காரங்க போடற காணொளியில "பேபிக்கு பிறப்புப் பத்திரம் போதும்"னு சொல்றாங்க. அவங்களுக்கு அது உண்மைதான். அமெரிக்கப் பிரஜை, அமெரிக்கத் துறைமுகத்துல ஏறி, பக்கத்துத் தீவுகளைச் சுத்திட்டு அதே துறைமுகத்துல வந்து இறங்குனா அப்படி ஒரு சலுகை இருக்கு. நமக்கு இல்ல.

இது தெரியாம என்ன ஆகும்னு ஒரு உண்மைக் கதை சொல்றேன். என் ஷிப்ட்ல வேலை செய்யற தம்பி ஒருத்தர். அவரோட அம்மா செம்பனைத் தோட்டத்துல உழைச்சே நாலு பிள்ளைங்களை ஆளாக்குனவங்க. அவங்களுக்கு 70 வயசு நிறையுதுன்னு பிள்ளைங்க எல்லாரும் பணம் சேர்த்து மூணு ராத்திரி கப்பல் பயணம் போட்டாங்க. மொத்தம் ஒன்பது பேர், எட்டு மாசக் குழந்தையோட. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் வாட்ஸ்அப்புல, "பேபிக்கு பர்த் செர்ட் கொண்டு வாங்க, போதும்"னு சொல்லியிருக்கார். இவங்களும் நம்பிட்டாங்க.

கவுண்டர்ல இருந்த பொண்ணு குழந்தையோட கடப்பிதழைக் கேட்டுச்சு. இல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்க ஓடறது? யாரைப் பிடிக்கறது? தம்பி மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி சத்தம் போட்டிருக்கார். அவர் வந்தும் அதே பதில்தான். பால் குடிக்கிற பிள்ளை, அம்மா இல்லாம இருக்காது. பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு தம்பி எப்படிப் போவார்? மருமகப் பிள்ளை அழ ஆரம்பிச்சிடுச்சு.

அப்பத்தான் அந்த அம்மா சொன்னாங்களாம்: "நீங்கல்லாம் போய்ட்டு வாங்க. பேத்தியைக் கரையில விட்டுட்டு எனக்கு என்ன பொறந்தநாள்?" எவ்வளவு கெஞ்சியும் ஏறலை. கட்டுன பணம் திரும்ப வராதுன்னு அஞ்சு பேர் ஏறுனாங்க. யாருக்காகப் போட்ட பயணமோ அவங்க மூணு பேரோட வீட்டுக்குத் திரும்பி, அன்னிக்கு ராத்திரி ரசம் வச்சுச் சாப்பிட்டாங்க. கப்பல்ல போனவங்க அனுப்புன படத்துல கேக் இருக்கு, பாட்டி இல்ல.

தம்பி ரெண்டு வாரம் அந்தக் கவுண்டர் பொண்ணைத் திட்டிக்கிட்டே இருந்தார். அந்த அம்மாதான், "அது அது வேலையைப் பார்த்துச்சு, விடுப்பா"ன்னு சொல்லி அடக்குனாங்க. நானும் அதைத்தான் சொன்னேன். நம்ம லைன்லயும் லேபல் ஒட்டாத பெட்டி லாரியில ஏறாது. உள்ளே இருக்கிற பொருள் எவ்வளவு நல்ல பொருளா இருந்தாலும் ஏறாது.

சரி, இனி என்ன செய்யணும்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல பிறப்புப் பதிவு. தீபகற்பத்துல பிள்ளை பிறந்து 60 நாளுக்குள்ள தேசியப் பதிவிலாகாவுல பதிஞ்சிடணும். 16-ஆம் நாளோ 30-ஆம் நாளோ பேர் வைக்கிற சடங்கு முடிச்சாலும் நாள் இருக்கு. ஆனா எண் கணிதம் பார்த்து முடிவாகலைன்னு தள்ளிக்கிட்டே போகாதீங்க. 60 நாள் தாண்டினா தாமதப் பதிவு, விளக்கம், அலைச்சல்.

அடுத்து கடப்பிதழ். குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குப் பிள்ளையை நேர்ல கூட்டிட்டுப் போகணும். அசல் பிறப்புப் பத்திரம், மைகிட், பெத்தவங்க அடையாள அட்டை எல்லாம் கையில இருக்கணும். பெரியவங்களுக்கு 200 வெள்ளி, 12 வயசுக்கும் கீழே உள்ள பிள்ளைங்களுக்கு 100 வெள்ளி. அஞ்சு வருஷம் செல்லும். கூட்டம் இல்லாத நாளா பார்த்துக் காலையிலயே போங்க. பிள்ளை தூங்கி எழுந்து பால் குடிச்ச நேரமா இருந்தா நல்லது. படத்துல கண்ணு திறந்திருக்கணும், பிடிச்சிருக்கிற கை தெரியக்கூடாது. கன்னத்துல வச்ச திருஷ்டிப் பொட்டை அன்னிக்கு ஒரு நாள் துடைச்சிடுங்க. திரும்பி வந்து பெரிசா வச்சுக்கலாம்.

மூணாவது, பேர். இங்கதான் நம்மாளுங்க அதிகம் மாட்டிக்கிறாங்க. பிள்ளைக்குப் பேர் முடிவாகும் முன்னேயே "பேபி"ன்னு போட்டு டிக்கெட் எடுத்துடுவாங்க. இல்லாட்டி எண் கணிதத்துக்காக நடுவுல சேர்த்த எழுத்து பிறப்புப் பத்திரத்துல இருக்கும், டிக்கெட்டுல இருக்காது. நம்ம பேருக்கு நடுவுல வர எ/எல், எ/பி வேற. புக்கிங் பாரத்துல அந்தக் கோடு சில நேரம் ஏறாது, குடும்பப் பேர் எதுன்னு வேற கேட்கும். கம்பெனியைக் கேட்டு, கடப்பிதழ்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்து மாறாம போடுங்க. அதனால கடப்பிதழ் முதல்ல, டிக்கெட் அப்புறம்.

நாலாவது, வயசும் தேதியும். பெரும்பாலான கப்பல்கள்ல ஏறுற அன்னிக்குக் குழந்தைக்கு குறைஞ்சது ஆறு மாசம் நிறைஞ்சிருக்கணும். பல நாள் கரையே தொடாம போற நீண்ட பயணம்னா 12 மாசம் கேட்பாங்க. எல்லாருடைய கடப்பிதழும் இன்னும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியாகணும். பிள்ளையோடதை மட்டும் பார்த்துட்டு தாத்தாவோடது முடியப் போறதை விட்டுடாதீங்க. அடுத்த பிள்ளையைச் சுமக்கிற பொண்ணுங்க இருந்தா, 24 வாரம் ஆயிட்டா பெரும்பாலான கப்பல் ஏத்தாது.

அஞ்சாவது, சிங்கப்பூர்ல போய் ஏறுறவங்க. மெரினா பே முனையத்துல ஏற ஜொகூர் பாலம் தாண்டிப் போவோம். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்துல நிரப்பணும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள, ஒவ்வொரு ஆளுக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அது இலவசம். பணம் கேட்கிற இணையத்தளம் வந்தா மூடிடுங்க. சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம சொந்தங்களுக்கும் ஒண்ணு: அங்க பிறப்பை 42 நாளுக்குள்ள பதியணும். 2022 மே மாசக் கடைசியிலேர்ந்து பிறப்புச் சான்றிதழே மின்னிலக்கமா ஆயிடுச்சு. இருந்தாலும் கப்பலுக்குக் கடப்பிதழ்தான்.

ஆறாவது, பெத்தவங்க இல்லாம தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா, பெத்தவங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், அவங்க அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம் மூணும் பையில இருக்கணும். பிறப்புப் பத்திரம் இங்கதான் வேலைக்கு வருது. இவங்க யாருக்கு என்ன உறவுன்னு காட்டறது அதுதான்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சரி பண்ணிடக்கூடிய விஷயம். ஒரு நாள் லீவு, 100 வெள்ளி, கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். இனி சொல்றது அப்படி இல்ல. கோயில் தொண்டூழியரா இதைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசு வரலை.

கடப்பிதழே எடுக்க முடியாத பிள்ளைங்க நம்ம நடுவுல இருக்காங்க. அதுவும் நம்ம நாட்டுலயே பிறந்து, நம்ம தமிழ் பேசி, நம்ம கோயில் அன்னதானத்துல வரிசையில நிக்கிற பிள்ளைங்க. அப்பா மலேசியர். அம்மா வெளிநாட்டுக்காரங்க. சின்னக் கோயில்ல தாலி கட்டியிருப்பாங்க, ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பாங்க. ஆனா பதிவு பண்ணலை. 1982 மார்ச் 1-ஆம் தேதியிலேர்ந்து நம்ம நாட்டுல முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணம் பதிவு செஞ்சாகணும். அதுக்கு முன்னே சடங்கு போதும். அதுக்கப்புறம் சடங்கு மட்டும் போதாது. பதிவு இல்லேன்னா, பிள்ளையோட குடியுரிமைக்கு அம்மாவோட நாட்டைத்தான் பார்ப்பாங்க. பிறப்புப் பத்திரத்துல "புக்கான் வார்காநெகாரா"ன்னு அச்சாகி வரும். பிரஜை இல்லன்னு அர்த்தம்.

"அப்புறமா பதிஞ்சுக்கலாம்"னு பலர் நினைக்கிறாங்க. பிள்ளை பிறந்த பிறகு போய்ப் பதிஞ்சா தானா சரியாகாது. பிறக்கும்போது பதிவு இருந்துச்சான்னுதான் பார்ப்பாங்க. 2021-ல கூட்டரசு நீதிமன்றத்துல இதுபோல ஒரு வழக்கு. அப்பா மலேசியர், அம்மா பிலிப்பீன்ஸ் நாட்டவர், பிள்ளை பிறந்து சில மாசம் கழிச்சுத்தான் கல்யாணம். ஏழு நீதிபதிகள்ல நாலு பேர் ஒரு பக்கம், மூணு பேர் மறுபக்கம். பிள்ளைக்குக் குடியுரிமை இல்லன்னு தீர்ப்பாச்சு. இங்கயே பிறந்த பிள்ளைங்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் 15ஏ பிரிவுல மனு போடலாம். ஆனா அது அரசாங்கம் மனசு வச்சுக் கொடுக்கிறது. வருஷக்கணக்கா காத்திருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா ரெண்டு பேரும் மலேசியரா இருந்தாலும், பதிவு இல்லேன்னா அப்பா பேர் தானா ஏறாது. ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டாத்தான் எழுதுவாங்க. இல்லேன்னா அந்தக் கட்டத்துல தகவல் இல்லன்னு வரும். ராத்திரி பகலா தூக்கி வளர்க்கிற அப்பாவுக்கு அந்தக் காகிதத்துல இடம் இல்லாம போயிடும்.

நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு, அம்மாவோட கோயிலுக்கு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க சிங்கப்பூர் போய்ட்டு வந்து கதை சொல்லியிருக்கு. "மாமா, நானும் கப்பல்ல போலாமா?"ன்னு என்கிட்ட கேட்டுச்சு. கப்பல் போகட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியில வெளிநாட்டவர் கட்டணம், 12 வயசுல அடையாள அட்டை, அப்புறம் வேலை. ஒவ்வொரு கவுண்டர்லயும் அந்தப் பிள்ளை நின்னு திரும்பணும். அது என்ன தப்பு செஞ்சுச்சு?

ஆகவே, கல்யாணம் பேசுற வீடுகளுக்குக் கைகூப்பிக் கேட்டுக்கிறேன். மண்டபம் பார்க்கிற அன்னிக்கே பதிவுக்கும் நாள் பாருங்க. விண்ணப்பம் போட்டு 21 நாள் அறிவிப்பு வைப்பாங்க, அதைக் கணக்குல வச்சுக்குங்க. சில கோயில்கள்ல துணைப் பதிவதிகாரியே இருக்கார், தாலி கட்டுன கையோட அங்கயே கையெழுத்துப் போட்டுடலாம். மாப்பிள்ளையோ பொண்ணோ வெளிநாடுன்னா கூடுதல் பத்திரம் கேட்பாங்க, இன்னும் முன்னாடியே தொடங்குங்க. கோயில் நிர்வாகத்துல இருக்கிற அண்ணன்மார்களும், பதிவுப் பத்திரத்தைப் பார்க்காம கல்யாணத் தேதி கொடுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

பாரம் நிரப்பத் தெரியலை, மலாய்ல என்ன எழுதியிருக்குன்னு புரியலைன்னா கூச்சப்படாதீங்க. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு ஏழு மணிக்கு மேல நான் கவுண்டர்லதான் இருப்பேன். பத்திரத்தை எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். விதிமுறை மாறும், அதனால பயணத்துக்கு முன்னே கப்பல் கம்பெனியையும் குடிநுழைவுத் துறையையும் நீங்களே ஒரு தடவை கேட்டுக்குங்க. வாட்ஸ்அப்புல யாரோ சொன்னதை நம்பிப் போகாதீங்க.

வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கிறவங்களுக்கும், இந்த வருஷம் கல்யாணம் வச்சிருக்கிறவங்களுக்கும் இதை அனுப்பி விடுங்க.