எழுவைதீவில் பாஸ்கல்

இலங்கையின் தரம் 11 தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடநூலில் செய்நிரலாக்கம் என்ற அலகைத் திறந்தால் பாஸ்கல் இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தப் பாடத்தை எடுக்கும் பிள்ளை கொழும்பில் இருந்தாலென்ன, எழுவைதீவில் இருந்தாலென்ன, 1970இல் சூரிச்சில் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய மொழியில்தான் நிரல் எழுதப் பழகும்.

எழுவைதீவுப் பிள்ளை அதைப் பெரும்பாலும் கொப்பியில் எழுதும். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய சின்னத் தீவு அது. கணினி பழுதானால் திருத்த ஆள் வருவதற்குக் கடலும் இடம்கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அங்கே பாடம் சொல்லப் போய்வந்த நாட்களில், திரையில்லாமலே செய்நிரலாக்கம் படிப்பிக்க நான் பழகிக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரை கீறுவார்கள். நிரலின் ஒரு வரி முடிந்ததும் எந்த மாறியின் பெறுமானம் என்னவாயிற்று என்று கட்டத்தில் எழுதுவார்கள். அதற்குப் பாஸ்கல் போலத் தோதான மொழி குறைவு. எந்த மாறி, அது முழு எண்ணா எழுத்தா என்பதை மேலேயே சொல்லிவிட வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதும் சொல்லாகவே நிற்கும். ஒரே சில்லெடுப்பு ‘எல்ஸ்’ஸுக்கு முன்னால் வரும் அரைப்புள்ளிதான். மற்றபடி இரண்டு கூற்றுகளுக்கு நடுவே போடாவிட்டால் பிழை, அந்த இடத்தில் போட்டால் பிழை. இதற்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவியின் சித்தப்பா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “பாஸ்கலோ சேர்? உதை இப்ப ஆர் பாவிக்கினம்? என்ர மகன் அங்க பைத்தன் எல்லோ படிக்கிறான்.”

அவர் சொன்னதில் பாதி சரி. எங்கள் உயர்தரப் பாடத்திட்டத்திலேயே பைத்தன்தான். பாஸ்கலில் வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் வருவதும் அரிது. ஆனால் அவருடைய கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது: பழையது போய்விடும், புதியது வந்து அதன் கதிரையில் இருக்கும் என்ற கணக்கு. செய்நிரல் மொழிகளின் கதை அப்படி நடக்கவில்லை. 1983இல் வெளிவந்த டேர்போ பாஸ்கலின் தொகுப்பியை எழுதியவர் அன்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க். அவரே பிறகு டெல்ஃபியை வடிவமைத்தார். மைக்ரோசொஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பையும், 2012இல் டைப்ஸ்கிரிப்டையும் தந்தார். டைப்ஸ்கிரிப்டில் மாறியின் பெயரை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, வகையைச் சொல்லும் முறை எங்கள் தரம் 11 பிள்ளைக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். கூகுளில் பிறந்த ‘கோ’ மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவரான றொபேர்ட் கிறீஸ்மர் விர்த் படிப்பித்த அதே சூரிச் நிறுவனத்தில் பட்டம் பெற்றவர். ரொறன்ரோத் தம்பி நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் பாஸ்கலின் பேரப்பிள்ளைகளோடு பழக நேரலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தத் தீவிலேயே, கடலுக்குப் போகிறவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது. வாடையா சோளகமா என்று காற்றை முகத்தில் வாங்கியே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். என்றாலும் படகைத் தள்ளுமுன் கைபேசியில் வின்டி போன்ற செயலியைத் திறந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நிறம் நிறமாக ஓடும் அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பவை ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரியும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியும். இரண்டும் பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பக்கஸின் குழு 1957இல் வெளியிட்ட மொழி அது; பாஸ்கலுக்கே மூத்தது.

ஐரோப்பிய மாதிரி உலகத்தின் காற்றை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அகலமுள்ள பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வெப்பம், அமுக்கம், ஈரம், காற்று என்று கணக்குப் போடுகிறது. ஒரு பெட்டிக்குள் எழுவைதீவு முழுவதும் அடங்கி, சுற்றிவர வேண்டிய கடலும் மிஞ்சும். அந்த மாதிரிக்கு எழுவைதீவு என்றொரு ஊர் இருப்பதே தெரியாது. ஆனாலும் 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரைதொட முன்னரே வடக்கில் எச்சரிக்கை விடுக்க முடிந்ததற்கு இத்தகைய கணக்குகள்தான் துணை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் போனது. அன்றைய கடற்றொழிலாளிக்கு வானமும், கிடைத்தால் வானொலியும்தான்.

ஏன் இன்னும் ஃபோர்ட்ரான்? சோம்பல் என்று சொல்வது லேசு. இலட்சக்கணக்கான பெட்டிகளில் ஒரே கணக்கை ஓயாமல் செய்வதற்கென்றே வளர்ந்த மொழி அது. அதன் தொகுப்பிகள் அறுபது ஆண்டுக்கு மேலாக அந்த ஒரு வேலைக்காகவே தீட்டப்பட்டவை. அடுத்த காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வேர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரம் பழைய பாதையில் போன கணக்கு, பிறகு முழுவதும் வேறு வானிலைக்குப் போய்விட்டது. இப்போது ஒரு பெரிய மாதிரியைப் புது மொழிக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல்களின் வரிசை சற்று மாறினாலே கடைசித் தசமம் மாறும். சில நாளில் வேறு புயல் வரும். அது எண்ணை முழுமையாக்கியதால் வந்த வித்தியாசமா, நாம் விட்ட பிழையா என்று நிரூபிக்கவே காலம் கரையும். நிரலை எழுதுவது அதில் சின்ன வேலை.

‘இனிச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, சமன்பாடெல்லாம் எதற்கு’ என்பார்கள். வந்துவிட்டதுதான். அந்த ஐரோப்பிய மையமே 2025 பெப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பைச் சேவைக்கு விட்டது. அது பயின்றது எதிலிருந்து? பல பத்தாண்டு வானிலையைப் பழைய மாதிரி கணித்து மீட்டெடுத்து வைத்த தரவிலிருந்து. ஃபோர்ட்ரான் எழுதிய கொப்பியைப் பார்த்துத்தான் புதுப் பிள்ளை படித்திருக்கிறது.

தீவுக்கு வரும் காசின் கதையும் இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் கடந்துவரும் பெரிய வங்கிகள் பலவற்றின் அடிக் கணக்கு இன்னும் கோபோலில் ஓடுகிறது. 1959இல் திட்டமிடப்பட்ட மொழி. நாம் கையால் போடுவதுபோலத் தசமத்திலேயே கணக்குப் போடும் என்பதால் சதம் தவறுவதில்லை. பல புது மொழிகளில் வழக்கமான முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. சித்தப்பா அனுப்பும் டொலரைக் கோபோல் எண்ணியிருக்க நல்ல வாய்ப்புண்டு.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலை இழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூ ஜேர்சி ஆளுநர் பகிரங்கமாகக் கேட்கவேண்டி வந்தது. மொழி ஓடியது, அதைக் கவனிக்க ஆட்களைப் பழக்காமல் விட்டிருந்தார்கள். ஃபோர்ட்ரான் பிழைத்ததற்கு அதன் வயது காரணமல்ல. 2023 வரை அதன் நியமம் திருத்தி எழுதப்பட்டு வந்திருக்கிறது. துளை அட்டைக் காலத்து ஃபோர்ட்ரானை மட்டும் தெரிந்த ஒருவர் இன்றைய நிரலைப் பார்த்தால் திகைப்பார். எங்கள் பாடநூலில் பாஸ்கல் இருப்பதற்கும் ஆழ்ந்த யோசனைதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பாடத்திட்டம் மாற்றுவது எங்கள் நாட்டில் எவ்வளவு இழுபடும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்கு இவ்வளவும் நான் சொல்லவில்லை, படகுக்கு நேரமாகியிருந்தது. “பைத்தனும் படிப்பா, பயப்பிடாதேங்கோ” என்று மட்டும் சொன்னேன். அடுத்த பதிப்பில் பாஸ்கலை எடுத்துவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. நிரலை ஓட்டிப்பார்க்க முன்னர், ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று வரிவரியாக எழுதும் அந்தக் கட்டத்தையும் சேர்த்து எடுத்தார்களென்றால் சண்டைக்குப் போவேன்.