என்ன குரூப்?

பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடக்கிற நாட்களில் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிப் பள்ளிக்கூட வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "என்ன குரூப்?" என்று ஆசிரியர் கேட்பார். பிள்ளை அப்பாவைப் பார்க்கும். அப்பா, "நீங்களே பாத்து எதுல சேக்கணுமோ சேத்து வுடுங்க சார்" என்பார். மார்க் நிறைய இருந்தால் முதல் குரூப், நடுத்தரமாக இருந்தால் காமர்ஸ், குறைந்தால் தொழிற்பிரிவு. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஒரு பெண்ணின் விரல்களைக் கவனித்தேன். நுனியெல்லாம் கறுத்திருந்தன. முந்திரிக்கொட்டை உடைக்கிற வீடு. ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், கறை லேசில் போகாது. அந்தக் கையால்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

*

டொனால்டு சூப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951இல் நியூயார்க் மாநிலத்து மிடில்டவுன் என்ற ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஆராயத் தொடங்கி, அவர்கள் வேலைக்குப் போய்க் குடும்பஸ்தர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்தார். என்ன ஆகப்போகிறேன் என்று அந்த வயதில் பையன்கள் சொன்னதை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது என்று கண்டார். ஒருநாள் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற நினைப்பும், அதற்காக முன்கூட்டியே நாலு பேரிடம் விசாரித்து வைக்கிற பழக்கமும்தான் அந்த வயதில் வளர்க்க வேண்டியவை என்றார். 15இலிருந்து 24 வரை தேடிப் பார்க்கிற காலம், காலூன்றுவது 25க்கு மேல் என்பது அவர் போட்ட கணக்கு.

தேடத் தொடங்க வேண்டிய வயதில் இங்கே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம்.

*

இன்னொரு உளவியலாளர் எரிக் எரிக்சன், பதின்பருவத்தின் பெரிய வேலை 'நான் யார்' என்று கண்டுபிடிப்பது என்றார். அதற்குக் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும், பொறுப்பை உடனே தலையில் கட்டக் கூடாது என்றும் சொன்னார். அவர் வாழ்க்கையே அப்படித்தான். படம் வரைகிறேன் என்று ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றியவர், 25 வயதில் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, அங்கிருந்து உளப்பகுப்பாய்வுக்குள் வந்தார். கல்லூரிப் பட்டம் வாங்கியதே இல்லை.

மீன்சுருட்டியில் அப்படிச் சுற்றுகிற பையனுக்கு 'உருப்படாதவன்' என்று பெயர். ஆனால் பெற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஏக்கர் முந்திரிக் கொல்லையை நம்பி, வட்டிக்கு வாங்கிப் படிக்கவைக்கிற வீட்டில் ஒரு தடவைக்குத்தான் காசு உண்டு. அந்த ஒரு தடவை தப்பினால் பின்னால் வரும் தங்கையின் படிப்பும் சேர்ந்து போகும். வீட்டார் பயந்துதான் முடிவெடுக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

*

குழுமூர் அனிதாவை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். செந்துறைப் பக்கம். அப்பா சுமைதூக்கும் தொழிலாளி. 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176. யாரும் 'பாத்துச் சேத்து வுட' வேண்டியிராத பிள்ளை அவர். டாக்டர் என்று தானே முடிவு செய்து, அதற்குரிய குரூப் எடுத்து, அதற்குரிய மார்க்கும் வாங்கியவர். சூப்பரும் எரிக்சனும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் என்னென்ன எதிர்பார்த்தார்களோ அத்தனையும் அவரிடம் இருந்தன. அந்த வருஷம் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு மதிப்பில்லாமல் போனது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். செப்டம்பர் 1ஆம் தேதி நாம் அவரை இழந்தோம்.

ஆசை, திட்டம், தன்னறிவு என்று எல்லாவற்றையும் பிள்ளையின் மனசுக்குள்ளேயே தேடுகிற புத்தகங்களைப் படிக்கும்போது எனக்கு அனிதா நினைவு வருகிறது. மனசு சரியாகத்தான் இருந்தது. பாதி வழியில் விதியை மாற்றியவர்கள் பெரியவர்கள்.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் அரியலூர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. தேர்வு முடிவு வருகிற நாளில் தவிக்கிற பிள்ளைகள் 104க்குப் பேசலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும்.

*

பையன்களுக்கு இங்கே இன்னொரு படிப்பு உண்டு: 'டெஸ்ட் அடிப்பது'. சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கான திறன் தேர்வு. கம்பி கட்டுதல், டைல்ஸ், வயரிங். ஏஜெண்டுக்கு அம்மாவின் நகை அடகில் போகும். இருபத்திரண்டில் போனவன் தங்கச்சி கல்யாணம், மாடி வீடு என்று முடித்து நாற்பதில் திரும்புவான். "இனிமே என்ன பண்ணப் போற?" என்று ஊர் கேட்கும். சூப்பர் பிற்காலத்தில், இந்தப் பருவங்கள் ஒரு தடவையோடு முடிவதில்லை, நாற்பதிலும் மனிதன் திரும்பத் தேடத் தொடங்குவான் என்று எழுதினார். திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் அது சரியென்றுதான் படுகிறது. பதினைந்தில் தேட விடாதவனை நாற்பதில் தேடச் சொல்கிறோம். கையில் பெரிய தொழில் இருந்தும் பலர் ஆட்டோவும் மளிகைக் கடையும்தான் யோசிக்கிறார்கள்.

*

பெண்களுக்குக் கல்யாணம் குறுக்கே வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வருகிறது. சின்னத் தொகைதான். ஆனாலும் 'பஸ்ஸுக்குக் காசு ஏது' என்று படிப்பை நிறுத்துகிற பேச்சு குறைந்திருக்கிறது.

அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கைகொடுத்தது சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி. கல்யாணத்துக்குப் பிறகு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அப்படி பி.ஏ. முடித்த ஓர் அக்காவின் மகன் இப்போது ஒன்பதாவது. அவனைக் கூட்டிக்கொண்டு அரியலூர் ஐ.டி.ஐ.க்கும் ஒரு பாலிடெக்னிக்குக்கும் போய், என்ன சொல்லித்தருகிறார்கள், எவ்வளவு ஆகும், முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். காமர்ஸ் படித்து வங்கியில் இருக்கிற உறவுக்காரப் பெண்ணிடமும் பையனையே பேசவைத்தாராம். என்ன முடிவு பண்ணியிருக்கான் என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க. அதுக்குத்தான் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கே, பாக்கட்டும்" என்றார்.