நாலு கட்டை

22 வருஷம் ஐந்தரைக் கட்டையில் பாடினேன். அது என் சுருதி இல்லை. பத்து வயதில் ஒரு பாட்டுப் போட்டியில் எனக்கு முன்னால் பாடி முதல் பரிசை வாங்கிக்கொண்டு போன பெண்ணின் சுருதி. எனக்கும் அதையே வை என்று அம்மாவிடம் அழுது அடம்பிடித்தேன். சுருதிப்பெட்டியில் அன்று திருகியது, அதற்குப் பிறகு அசையவே இல்லை.

கட்டை என்பது ஆர்மோனியக் கட்டைதான். வெள்ளைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. (புதுப் பிள்ளைகளை இதை வைத்து மடக்குவது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) ஐந்தரையில் ஆதார சட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ், நாலில் 175. பார்க்க அற்ப வித்தியாசம். மேல் பஞ்சமத்துக்குப் போனால் அதுவே மூன்று மடங்கு: அங்கே 623, இங்கே 524. நடுவில் இருக்கும் அந்த நூறில்தான் என் தொண்டை தேய்ந்தது.

காம்போதி ஆலாபனையில் மேல் பஞ்சமத்தில் கார்வை கொடுத்து நிற்கும் இடம் வரும். நெஞ்சிலிருந்து புறப்பட்ட குரல் ரிஷபத்தோடு சரி. அதற்கு மேல் கள்ளத்தொண்டை. மெல்லிசாக, பளபளவென்று, வேறு யாரோ பாடுவதுபோல எனக்கே கேட்கும். கைதட்டல் சரியாக அங்கேதான் விழும். பொய் எந்த ஸ்வரத்தில் ஆரம்பிக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தும் விடமுடியவில்லை.

32 வயதில் குரல்நாணில் முடிச்சு. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். பாடத்தான் முடியாது, தம்பூராவையாவது மீட்டுவோம் என்று உட்கார்ந்தேன்.

குதிரைமேல் தந்திக்கு அடியில் கிடக்கும் பருத்தி நூலுக்கு ஜீவாளி என்று பெயர். மயிரிழை அளவு ஒரு பக்கம் தள்ளினால் தந்தி கரகரக்கும், மறு பக்கம் போனால் ஊமையாகிவிடும். நடுவில் ஓரிடத்தில் நாதம் சட்டென்று திறந்துகொள்ளும். கடைசித் தந்தியான மந்தர சட்ஜத்தைக் கூர்ந்து கேட்டால், யாரும் கூட்டிவைக்காத அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்தே எழும். எத்தனையோ வருஷம் அவசரமாக நூலை வைத்துவிட்டு மேடையேறியவள் நான். அந்த மூன்று வாரத்தில்தான் உறைத்தது: ஒவ்வொரு தந்திக்கும் அந்த இடம் வேறு. பக்கத்துத் தந்தியைப் பார்த்து நூல் வைக்க முடியாது.

மௌனம் முடிந்த காலையில் வாயை மூடியபடி ‘ம்’ என்று முனகினேன். குரல் போய் உட்கார்ந்த இடத்துக்குப் பிருடைகளை இறக்கினேன். நாலு கட்டை. தந்திகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. கனமான கம்பி வாங்கி மாற்ற வேண்டியிருந்தது.

இறங்கிவந்தால் சுகம் என்று நினைத்தேன். தொண்டைக்குப் பழைய உயரம்தான் மனப்பாடம். ஆறு மாசம் மேல் சட்ஜத்தைத் தாண்டித் தாண்டிப் போய் விழுந்தேன். விடிகாலையில் மந்தர ஸ்தாயி சாதகம் மட்டும், வர்ணத்தை மூன்று காலத்தில் அகாரமாக, மறுபடி பிள்ளைப்பாடம். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையை அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உச்ச சுருதித் திமிரியைக் கீழே வைத்துவிட்டு, நீளமான பாரி நாயனத்தை எடுத்தவர். அவர் தோடியில் இருக்கும் அந்த நிதானமும் கனமும் திமிரியில் வந்திருக்குமா என்பது என் சந்தேகம். அவர் மேதை; எனக்கு இரண்டு மூன்று சபாக்கள் கைவிட்டுப் போனதுதான் மிச்சம். “குரல் டல்லா இருக்கே, உடம்பு சரியில்லையா?” என்று இன்னும் கேட்கிறார்கள்.

மிருதங்கக்காரர்களுக்குத்தான் சங்கடம். பாடுவது பெண் என்றால் குட்டையான ஹெச்சு சுருதி வாத்தியத்தோடு வந்துவிடுகிறார்கள். போன மார்கழியில் ஒரு தம்பி மேடையோரம் நின்று, “அக்கா, நாலா? நிஜமாவா?” என்றான். கல்லால் தட்டித் தட்டி இறக்கிப் பார்த்தான். வலந்தலை தொய்ந்து பேச்சே வரவில்லை. மச்சினனை பைக்கில் வீட்டுக்கு விரட்டி நீளமான ஒன்றை வரவழைத்தான். கச்சேரி 20 நிமிஷம் தாமதம், காரியதரிசிக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி நிதானமாக உறையைக் கழற்றி, மடியில் வைத்து, தம்பூரா பக்கம் காதைச் சாய்த்து ஒரு தட்டுத் தட்டினான். சட்ஜம். “பாடுங்கக்கா” என்றான்.