பொங்குமாகடலும் கோயில் முற்றமும்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி மக்களின் பேச்சில் ஒரு சொல் தானே வந்து அமர்ந்துகொள்ளும்: சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று, மழையென்றும் பனியென்றும் சொல்லவொண்ணாத நுண்துளிகளை ஊர்மீது தூவிச் செல்லும். காசி விசுவநாதர் கோயிலின் கோபுரவாசலில் நின்றால் அக்காற்று ஆளையே தள்ளும். அந்நாள்களில் குற்றாலம் பேரருவியின் கீழ் நின்று நீராடுவோர் பல்லாயிரவர். மலையிலிருந்து விழும் நீர் தம் தோள்மீது எவ்வாறு அத்துணைப் பதமாய் இறங்குகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மேலிருந்து வரும் சிற்றாறு நேரே மனிதர் தலைமேல் விழுவதில்லை. பாறையின் இடையே ஆழ்ந்த பள்ளம் ஒன்று உண்டு. பொங்குமாகடல் என்பது அதன் பெயர். ஆறு முதலில் அதற்குள் பாய்ந்து, தன் வேகமெல்லாம் தணிந்து, மேலே பொங்கி, விளிம்பு வழிந்த பிறகே கீழே இறங்குகின்றது. அப்பள்ளம் இல்லையேல் பேரருவியைத் தொலைவில் நின்று கண்டு அஞ்சலாமேயன்றி, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதன் கீழ் நிற்க இயலாது. அருவிக்கு மேலேயுள்ள காடும் இவ்வேலையையே செய்கின்றது. பெய்யும் மழையை இலையும் சருகும் வேரும் ஏந்திப் பிடித்து, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. மழை ஓய்ந்து நாள்கள் கடந்த பின்னும் அருவியில் நீர் இருப்பது இதனால்தான்.

மலை செய்வதை ஊருக்குள் செய்தவை குளங்கள். சிற்றாற்றின் குறுக்கே முன்னோர் கட்டிய அணைக்கட்டுகள், அவற்றினின்று பிரியும் கால்வாய், கால்வாய் சென்று சேரும் குளம், அக்குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் என, தாமிரபரணியைச் சென்று சேருமுன் நீர் பல இடங்களில் தங்கி இளைப்பாறிச் செல்லும். வீட்டிற்குள்ளும் இதே ஒழுங்குதான். பழைய தெருக்களில் இன்றும் எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. கூரைநீர் அங்கே இறங்கும். வெயிலும் காற்றும் அங்கே இறங்கும். ஓட்டிடுக்கில் சிட்டுக்குருவி எவரையும் கேளாமல் குடியிருக்கும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வந்து தங்குமுன் வாழ்ந்த வண்ணார்பேட்டை இல்லத்தின் தொட்டிக்கட்டில்தான் நண்பர்கள் கூடித் தமிழ் சுவைத்தனர். அந்த அவைக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வாய்த்ததை வாசகர் அறிவர். திறந்து விட்ட இடத்தை வீணான இடம் என்று அக்காலத்தார் கருதவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மக்கள் பலகாலம் வேண்டி நின்ற நன்மை அது. அலுவலகங்கள் வந்தன, சாலைகள் அகன்றன, திருநெல்வேலிச் சாலையின் இருமருங்கும் நின்ற மரங்கள் நூற்றுக்கணக்கில் வீழ்ந்தன. நேற்று நாற்று நட்ட வயல்களில் இன்று எல்லைக்கற்கள் முளைத்துள்ளன. வயலை அழித்த மனைப்பிரிவுக்குக் ‘கார்டன்’ என்று பெயர் சூட்டுவது ஏனோ எமக்கு விளங்கவில்லை. ஆயினும் வீடு கட்டுவோரைக் குறை கூற எமக்கு மனம் வராது. வாடகை வீடுகளில் அல்லலுற்ற குடும்பங்கள் கடன்பட்டுக் கட்டிய வீட்டை மந்திரிக்க அழைக்கும்போது, அவர்கள் முகத்தில் தோன்றும் நிறைவை நேரில் கண்டவர்கள் நாம். ஒன்று மட்டும் உறுத்தும். மதிலுக்கு மதில் சிமெண்ட் பூசிய அவ்வீடுகளில் மந்திரித்த நீரைத் தெளிக்கும்போது, அது விழுவதற்கு ஒரு பிடி மண் இருப்பதில்லை.

இதனை எழுதும் தகுதி எமக்கு உண்டா என்ற ஐயம் உண்டு. ஏனெனில் இவ்வகைக் குற்றத்தை நாமே செய்தோம்.

இப்பங்கிற்கு வந்த மறு ஆண்டு, 2021 இல், ஆலய முற்றத்திற்குத் தளம் அமைக்கத் தீர்மானித்தோம். அரை ஏக்கர் மண்தரை. திருவிழாவில் சப்பரம் வரும் வழியெல்லாம் சேறு. ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் உண்மை. அசனம் பரிமாற இடமில்லை, வண்டி நிறுத்த வசதியில்லை என்ற முறையீடுகளும் இருந்தன. வளைகுடா நாட்டில் பணிபுரியும் பங்குமகன் ஒருவர் செலவை ஏற்றார். பங்குப் பேரவையில் ஒரே ஒரு முதியவர் மட்டும், “சாமி, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்?” என்று கேட்டார். குழாய் வைத்து வெளியே விட்டுவிடலாம் என்றோம். ‘வெளியே’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாமும் எண்ணவில்லை. இரண்டு வேம்பும் ஒரு நாவலும் வெட்டுண்டன. பழைய கிணறு கம்பியும் காரையும் கொண்டு மூடப்பட்டது. ஜல்லி பரப்பி, அதன்மேல் சிமெண்ட் கட்டைகள் பதித்து, முற்றம் கண்ணாடிபோல் ஆயிற்று. வாயிலில் பளிங்குக் கல்வெட்டு ஒன்றும் வைத்தனர். உபயதாரர் பெயருக்குக் கீழே எமது பெயர்.

2024 டிசம்பர் 12, 13 ஆகிய நாள்களில் இம்மாவட்டத்தில் பெருமழை பெய்தது. பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் மூழ்கடித்து வெள்ளம் கொட்டியது. அவ்விரவு நாம் அறைவீட்டில் உலர்ந்த படுக்கையில் உறங்கினோம். விடியற்காலைத் திருப்பலி முடிந்து பின்புற மதிலருகே சென்றபோதுதான் அதனைக் கண்டோம். மதிலுக்கு அப்பால் தாழ்வான நிலத்தில் ஏழெட்டு வீடுகள். பீடி சுற்றியும் கூலிவேலை செய்தும் பிழைப்பவர்கள். பெரும்பாலோர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். எமது குழாய் அவர்கள் வாசலை நோக்கியே இருந்தது. முழங்கால் அளவு நீரில் ஒரு பெண், பீடியிலைக் கட்டைத் தலைமேல் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் சிரிக்க முயன்று, “கோயில் தண்ணிதானே சாமி, போகட்டும்” என்றார்.

வைதிருந்தால் தாங்கியிருப்போம்.

பின்னர்க் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டோம். நூறு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர். அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழையென்றால் இரண்டு இலட்சம் லிட்டர். ஆறாயிரம் லிட்டர் லாரிகள் முப்பத்துமூன்றைக் கொண்டுபோய் ஏழைகளின் வாசலில் கவிழ்த்தாற்போன்ற செயல். மண்தரையாய் இருந்த காலத்தில் இதில் ஒரு பெரும்பகுதியை மண் குடித்திருக்கும். மீதி கிணற்றைச் சேர்ந்திருக்கும். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது 2003 ஆம் ஆண்டில். எமது ஆலயக் கூரையிலும் அதற்கான குழாய் உண்டு. அது சென்று சேரும் தொட்டியின் வாய்மீதே நாம் கட்டைகளைப் பதித்துவிட்டோம் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

குருமடத்தில் திருநூல் பயின்றபோது எண்ணிக்கை நூலின் 35 ஆம் அதிகாரத்தை விரைந்து கடந்தது நினைவுக்கு வந்தது. அளவுகளும் எல்லைகளும் நிறைந்த அப்பகுதி இளைஞருக்குச் சுவைப்பதில்லை. லேவியர்க்கு நாற்பத்தெட்டு நகர்களை ஒதுக்கும் கட்டளை அது. வீடு கட்டும் நிலத்தோடு நகரைச் சுற்றிலும் மேய்ச்சல் நிலத்தையும் முழக்கணக்கில் அளந்து விடுமாறு அங்கே சொல்லப்பட்டுள்ளது. லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரமோ, வீட்டை விற்றாலும் அந்தத் திறந்த நிலத்தை விற்கலாகாது என்கின்றது. இணைச்சட்டம் 22 இல், புதுவீடு கட்டுவோன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பாமல், எவரேனும் விழுந்து மாண்டால் அப்பழி அவ்வீட்டைச் சேரும் என்று காண்கின்றோம். நம் கட்டடத்தால் பிறனுக்கு நேரும் கேட்டிற்குக் கடவுள்முன் கணக்கு உண்டு என்பதே அதன் உட்கிடை. வீட்டோடு வீட்டைச் சேர்த்துக்கொண்டே போவோரை எசாயா சபிப்பதும் இந்த வரிசையிலேயே வரும். நகரமைப்பு என்பது பொறியாளர் துறை, நமக்கு அதில் வேலையில்லை என்று இருபத்தைந்து ஆண்டுகளாய் எண்ணி வந்தவர் நாம்.

தமிழக அரசின் 2019 ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. அவ்விடத்திற்குப் பூங்கா என்று வரைபடத்தில் பச்சை பூசுவதோடு நின்றுவிடாமல், அது ஊரின் தாழ்ந்த பகுதியில், நீர் வந்து தங்கத்தக்கதாய் அமைகின்றதா என்று பார்ப்பார் வேண்டும். பெரும்பாலும் எவரும் வாங்க விரும்பாத மூலையே பூங்காவாகின்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலின் 45 ஆம் எண்ணில், எழில்மிகு இடங்கள் தனியார் உடைமையாகி ஏழைகளுக்கு அடைக்கப்படுவதைக் குறித்து வருந்துகின்றார். குற்றாலத்தாருக்கு இதற்கு உரை தேவையில்லை. மலையடிவாரத்து விடுதிகள் சிலவற்றில் இயற்கை ஓடையை மறித்துச் செயற்கை அருவி அமைத்த செய்தி வழக்காகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 இல் அதன்மீது நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. பணம் உள்ளவனுக்குத் தனி அருவி. இல்லாதவனுக்கு வரிசையில் நின்று வற்றிய அருவி. நாம் செய்தது இதன் மறுபக்கம் என்று தோன்றுகின்றது. அங்கே நீர் தமக்கு மட்டும் வேண்டும் என்றனர். இங்கே நாம் நீர் தமக்கு வேண்டாம் என்றோம். இரண்டிலும் தாழ்ந்த இடத்தில் இருப்பவனை எவரும் கேட்கவில்லை.

நெதர்லாந்து நாட்டில் விந்தையான போட்டி ஒன்று 2021 முதல் நாடு முழுவதும் நடைபெறுகின்றது. எந்த ஊர் தன் தோட்டங்களிலும் தெருக்களிலும் பதித்த தளக்கற்களை மிகுதியாகப் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் செடி நடுகின்றது என்பதே போட்டி. கடல்மட்டத்திற்குக் கீழும் நிலம் கொண்ட அந்நாட்டார் கல்லைப் பெயர்க்கின்றனர். மலையடியில் வாழும் நாம் பதிக்கின்றோம். அங்கே புதுச்சுவர்களில் பறவைக்கும் வௌவாலுக்கும் பொந்துள்ள கற்களை வைத்துக் கட்டுகின்றனராம். நம் பாட்டன்மார் கூரையில் அதற்கென ஒரு கல்லும் தேவைப்பட்டதில்லை.

2025 தவக்காலத்தில் பங்குப் பேரவையைக் கூட்டி, கட்டைகளைப் பெயர்க்க வேண்டும் என்றோம். அதனை விவரிக்க விரும்பவில்லை. உபயதாரரின் உறவினர் எழுந்து போய்விட்டார். “அடுத்த சாமி வந்தா திரும்பப் போடுவாரு, வீண் செலவு” என்றார் ஒருவர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. பங்குத்தந்தையர் ஐந்தாறு ஆண்டுகளில் பெட்டியைக் கட்டிவிடுகின்றோம். தளம் போட்டவன் போன பின்னரே வெள்ளம் வருவது வழக்கம். இம்முறை மழை சற்று முந்திக்கொண்டது. இறுதியில் பாதிக்கு இசைந்தனர். சப்பரம் வரும் பாதைக்கு மட்டும் கட்டை இருக்கும். மற்ற இடத்தில் பெயர்த்து, ஜல்லியை அள்ளி, மண் இட்டு, நடுவே ஓர் ஆள் உயரத்தில் நீள்பள்ளம் வெட்டிக் கூழாங்கல் நிரப்பினோம். கிணற்றின் மூடியை உடைத்தபோது உள்ளே தவளை ஒன்று இருந்ததாகச் சிறுவர்கள் கூறினர். நாம் பார்க்கவில்லை. முன்பு கேள்வி கேட்ட அம்முதியவர் வேப்பங்கன்றுகள் மூன்றைத் தம் வீட்டிலிருந்து கொணர்ந்து நட்டார். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. கல்வெட்டை என்ன செய்வது என்று கேட்டனர். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டோம். அதனைச் சுற்றி இப்போது புல்.

குழாயை அடைத்துவிட்டதாகவும் இனி அஞ்ச வேண்டாமென்றும் மதிலுக்கு அப்பால் சென்று சொன்னோம். பீடியிலைக் கட்டேந்தி நின்ற அப்பெண் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பின்பு, பெயர்த்த கட்டைகளில் கொஞ்சம் கிடைக்குமா என்றார். நாற்பது கட்டைகளைச் சிறுவர்கள் சுமந்து சென்று கொடுத்தனர். மறுவாரம் போனபோது அவற்றை அடுக்கித் தம் வாசற்படியை ஒரு முழம் உயர்த்தியிருந்தார்.

“தண்ணி வராதுன்னு சொல்லுதிய சாமி, சரிதான்” என்றார். “இருந்தாலும் இருக்கட்டும்.”